வௌவால் மரமும் கவுதாரித் திடலும்: டெல்டா ஊர்களில் இரண்டையும் கணக்கெடுத்து ஒப்பிடும் முறை

ஊருக்குள் ஒரு வௌவால் மரம், ஊருக்கு வெளியே கவுதாரி கூவும் ஒரு திடல். இரண்டும் சேர்ந்த கிராமங்கள் காவிரி டெல்டாவில் இன்னும் இருக்கின்றன. பள்ளி இயற்கை மன்றமோ, ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவோ மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு (ஊரில் உள்ள உயிர்வகைகளின் பதிவு) எழுத உட்காரும்போது, இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் 'வௌவால் 400, கவுதாரி 7' என்று எழுதிவிட்டு அடுத்த உயிருக்குப் போய்விடுகிறார்கள். அப்படி எழுதிய எண்ணுக்குப் பொருள் கிடையாது. வௌவாலின் எண் ஒரு மரத்துக்கு உரியது, கவுதாரியின் எண் ஒரு நிலத்துக்கு உரியது. இரண்டையும் எப்படி எடுப்பது, எடுத்த பின் எதை எதோடு ஒப்பிடலாம், எதை ஒப்பிடக் கூடாது என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் ஆளை உறுதி செய்யுங்கள்

நாம் பேசும் வௌவால் பெரிய பழந்தின்னி வௌவால் (டெரோபஸ் மீடியஸ், பழைய நூல்களில் டெரோபஸ் ஜைஜான்டியஸ்). சிறகை விரித்தால் நான்கு அடிக்கு மேல் இருக்கும். எடை ஒரு கிலோவைத் தாண்டும். நரி முகம், பெரிய கண், கழுத்தைச் சுற்றிப் பழுப்பு மஞ்சள் முடி. வால் இல்லை. கட்டை விரலில் மட்டுமல்ல, இரண்டாவது விரலிலும் நகம் உண்டு. பகலில் ஆல், அரசு, இலுப்பை, புளி, நீர்மருது போன்ற உயரமான மரத்தில் வெட்டவெளியாகத் தலைகீழாய்த் தொங்கும். இது வழி கண்டுபிடிப்பது கண்ணாலும் மூக்காலும்தான், எதிரொலியால் அல்ல.

இங்கே நடக்கும் பெரிய குழப்பம் கோயில் வௌவால். கோபுர உள்மாடத்திலும் இருட்டு மண்டபத்திலும் கூட்டமாக இருப்பவற்றில் பெரும்பாலானவை பூச்சி தின்னும் சிறு வௌவால்கள். அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இன்னொன்று, பனை மட்டைக்கு அடியிலும் நெட்டிலிங்க மரத்திலும் இரண்டு மூன்றாகத் தங்கும் குட்டை மூக்குப் பழ வௌவால். அதுவும் பழம் தின்னும்தான், ஆனால் உள்ளங்கையில் அடங்கும் அளவு. கொய்யாத் தோப்பில் இரவில் முகத்தருகே படபடவென்று போவது பெரும்பாலும் இந்தச் சிறியதே.

கவுதாரியில் குழப்பம் குறைவு. டெல்டாவில் கிடைப்பது சாம்பல் கவுதாரி (ஆர்டிகார்னிஸ் பாண்டிசெரியானஸ்). ஏறக்குறைய ஓர் அடி நீளம், கால் கிலோவுக்குச் சற்று மேலே எடை, உடம்பெல்லாம் மெல்லிய குறுக்குக் கோடு, வெளிர்மஞ்சள் தொண்டையைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம், சிவந்த கால். காலில் முள் இருந்தால் சேவல். காடை இதில் பாதி அளவே இருக்கும். இரண்டும் காலடியிலிருந்து விருட்டென்று எழும். எழும்போது வால் செங்கல் நிறமாக விரிந்தால் கவுதாரி.

எங்கே, எந்த மாதம்

இதைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் மற்ற எல்லாம் வீண். கவுதாரிக்குச் சேற்று வயல் ஆகாது. அதற்கு வேண்டியது காய்ந்த தரை, புதர், இரை தேட வெறும் மண், இரவு தங்க ஒரு முள்மரம். எனவே ஐப்பசி முதல் தை வரை சம்பாவோ தாளடியோ நிற்கும்போது கவுதாரிகள் திடல், வாய்க்கால் கரை, ரயில் பாதையோரம், சுடுகாடு, கொள்ளிடப் படுகை ஆகிய மேட்டு இடங்களில் ஒடுங்கிவிடும். அந்த மாதங்களில் ஒரு திடலில் நின்று கேட்டால் 'அடேயப்பா, எவ்வளவு கவுதாரி' என்று தோன்றும். பறவையின் எண்ணிக்கை கூடவில்லை, நெருக்கம்தான் கூடியிருக்கிறது. அறுவடை முடிந்து உளுந்து, பயறு தெளித்த வயல் காயக் காய அவை பரவும். கூவலும் அப்போதுதான் உச்சத்துக்கு வரும். ஆகவே கவுதாரிக் கணக்கை மாசி, பங்குனி, சித்திரையில் வையுங்கள். மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் பாய்வதற்குள் முடித்துவிட வேண்டும்.

பழைய டெல்டாவில், அதாவது கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம், நஞ்சை தொடர்ச்சியாக இருப்பதால் கணக்குப் புள்ளிகளைத் திடல்களை ஒட்டித் தேடித்தான் பொருத்த வேண்டும். கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் மேட்டில் கடலையும் முந்திரியும் இருப்பதால் அந்தச் சிரமம் இல்லை. கோடியக்கரையின் புதர்க்காட்டிலும் கவுதாரி உண்டு. அது சரணாலயம், வனத்துறை அனுமதி இல்லாமல் விடியுமுன் உள்ளே போக முடியாது.

வௌவாலுக்கு மாதம் வேறு விதமாகக் குறுக்கிடும். தாய் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும், பெரும்பாலும் மாசி, பங்குனியை ஒட்டி. முதல் சில வாரம் குட்டியை மார்பில் ஒட்டவைத்தபடியே பறக்கும். பிறகு பறக்கத் தெரியாத குட்டியை மரத்திலேயே விட்டுவிட்டு இரை தேடப் போகும். அப்போது மாலையில் எண்ணினால் குட்டி கணக்கில் வராது. ஆடி, ஆவணிக்குள் குட்டிகளும் பறக்கும், எண் திடீரென உயரும். இது பெருக்கம் அல்ல, அதே ஆண்டின் குட்டிகள்தான். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட வேண்டுமானால் குட்டி ஈனுவதற்கு முன், தை மாதத்தில் ஒரு முறை எடுப்பது நல்லது. முடிந்தால் ஆவணியில் இன்னொரு முறை.

வௌவால் மரம்: மாலைக் கணக்கு

தேவைப்படுவது மூன்று அல்லது நான்கு பேர், ஆளுக்கு ஒரு கிளிக் கவுண்டர் (ஒரு முறை அழுத்தினால் ஒரு எண் கூடும் கைக்கருவி), கைக்கடிகாரம், திசை பார்க்கக் கைப்பேசி. 8×42 பைனாகுலர் இருந்தால் பகலில் உதவும். மாலைக் கணக்குக்கு அது தேவையில்லை, பார்வைப் பரப்பைச் சுருக்கிவிடும்.

பகல் 4 மணிக்கே போய் மரத்தைச் சுற்றிப் பாருங்கள். கிளை கிளையாகத் தோராயமாக எண்ணி ஒரு எண் எழுதிக்கொள்ளுங்கள். இது எப்போதும் குறைவாகவே வரும், ஒன்றின் பின் ஒன்று மறைந்து தொங்குவதால். ஆனால் மாலையில் வரும் எண் இதைவிடக் குறைந்தால் எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

பிறகு மரத்திலிருந்து 60, 70 மீட்டர் தள்ளி, மரம் வானத்தின் பின்னணியில் தெரியும்படி ஆட்களை நிறுத்துங்கள். வானத்தைப் பங்கு போடுவதுதான் இதில் முக்கியம். 'கோபுர உச்சியிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை உனக்கு, தொட்டியிலிருந்து அந்த இரட்டைப் பனை வரை எனக்கு' என்று அடையாளம் வைத்துப் பிரியுங்கள். பிரிக்காமல் நின்றால் ஒரே வௌவாலை மூன்று பேரும் எண்ணுவார்கள். ஒருவர் கட்டாயம் மேற்குப் பார்த்து நிற்கட்டும். கடைசி வெளிச்சம் அங்கேதான் இருக்கும்.

ஜூனில் பொழுது 6.35 மணி வாக்கில் அடையும், டிசம்பரில் 6 மணிக்குச் சற்று முன்பே. பொழுது அடைந்து இருபது, முப்பது நிமிடத்தில் முதல் வௌவால் கிளம்பும். அதற்கு முன்னால் சில மரத்தைச் சுற்றிவிட்டு மறுபடி வந்து தொங்கும். அவற்றை எண்ணாதீர்கள். நீங்கள் வைத்திருக்கும் அடையாளக் கோட்டைத் தாண்டி வெளியே போவதற்குத்தான் ஒரு கிளிக். திரும்பி வந்தால் அதைத் தனித் தாளில் குறித்து இறுதியில் கழியுங்கள்.

கூட்டம் தாரை தாரையாகக் கொட்டும் பத்து நிமிடம் ஒன்று வரும். அப்போது ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முன்கூட்டியே கண்ணைப் பழக்குங்கள்: முதலில் வரும் பத்து வௌவாலை எண்ணி, அந்தப் 'பத்து' வானத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வாங்கிக்கொண்டு, பிறகு பத்துக்கு ஒரு கிளிக் என மாறுங்கள். மாறிய நேரத்தைக் குறிப்பில் எழுதுங்கள், இல்லையென்றால் வீட்டில் கணக்குக் கூட்டும்போது குழம்பும். வானமும் சிறகும் ஒரே கறுப்பாகும் வரை நில்லுங்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எந்தத் திசைக்கு எவ்வளவு போயின என்பதையும் எழுதுங்கள். ஆற்றுப் பக்கமா, தோப்புப் பக்கமா என்பது பின்னால் பயன்படும்.

இதையே ஒரே வாரத்தில் மூன்று மாலை செய்யுங்கள். மழை நாளும் பலத்த காற்று நாளும் கூடாது. மார்கழி, தையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் அன்று விட்டுவிடலாம்.

செய்யக் கூடாதவை சில உண்டு. கைதட்டியோ வெடி வைத்தோ கிளப்பி எண்ணுவது சிலர் வழக்கம். தாயின் மார்பிலிருந்து குட்டி விழும், கூட்டம் மரத்தையே விட்டுவிடும். தமிழ்நாட்டில் வௌவால் மரம் உள்ள சில ஊர்க்காரர்கள் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை, நாம் கணக்கெடுக்கப் போய் அதைச் செய்வதா? மரத்துக்கு நேர் அடியிலும் நிற்காதீர்கள். எச்சமும் சிறுநீரும் விழும். நிபா வைரஸ் இந்த வகை வௌவாலில் வாழ்வது. 2018-ல் கோழிக்கோட்டில் அது மனிதருக்குப் பரவியது. அடியில் போயே ஆக வேண்டுமென்றால் முகக் கவசம், தொப்பி, திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவல். வௌவால் கடித்த பழத்தைத் தின்னக் கூடாது. விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சக்கையைப் படிப்பது

அதிகம் பேர் விட்டுவிடும் வேலை இது, ஆனால் பகலில் செய்யக்கூடிய வேலைகளிலேயே அதிகம் சொல்வது. பெரிய வௌவால் பழத்தை விழுங்குவதில்லை. வாயில் அதக்கி, நாக்கால் மேலண்ணத்தோடு வைத்து நசுக்கிச் சாற்றை உறிஞ்சிவிட்டு நாரைத் துப்பிவிடும். மரத்தடியில் கிடக்கும் அந்தச் சக்கையைக் குச்சியால் புரட்டிப் பாருங்கள்: ஒரு பக்கம் நாக்கு அழுத்திய வழுவழுப்பு, மறுபக்கம் அண்ணத்தின் வரிகள் படிந்த குறுக்குக் கோடு. அத்தி, ஆல் என்றால் நாருக்கிடையே பொடி விதை ஒட்டியிருக்கும்; அவற்றில் ஒரு பங்கு எச்சத்தோடும் போகும். இலுப்பையும் புன்னையும் பெரிய கொட்டை. அவற்றைச் சதை சுரண்டிவிட்டு அப்படியே போட்டுவிடும். இலுப்பை மரமே இல்லாத இடத்தில் இலுப்பைக் கொட்டை குவிந்து கிடந்தால் இரவில் வௌவால் வந்து தின்னும் இடம் அது. நாட்டு வாதாம் பழத்தில் பல் தடம் தெளிவாகத் தெரியும்.

கவுதாரியின் தடயம் வேறு. காய்ந்த வரப்பு ஓரத்தில், மரநிழல் விழும் பொடிமண்ணில் தட்டு அளவுக்குக் குழி, அதில் ஓரிரு கோட்டிறகு: புழுதிக் குளியல் போட்ட இடம். பக்கத்தில் மூன்று விரல் முன்னும் ஒன்று சிறிதாகப் பின்னும் பதிந்த தடம், வெள்ளை நுனியுள்ள சிறு எச்சம். கிளறிய கறையான் புற்றும் இருக்கலாம்.

கவுதாரி: விடியல் கணக்கு

பார்த்து எண்ணலாம் என்று கிளம்பினால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். அது ஓடி ஒளியும் பறவை, காலடியில் வந்தாலொழிய எழாது. காதால்தான் எண்ண வேண்டும்.

முந்தைய நாளே கைப்பேசி வரைபடத்தில் ஆறு புள்ளி குறியுங்கள், புள்ளிக்குப் புள்ளி குறைந்தது 500 மீட்டர். ஒவ்வொரு புள்ளியிலும் 250 மீட்டர் தூரத்துக்குள் என்ன அடையாளம் இருக்கிறது (மோட்டார் கொட்டகை, கருவேலம் புதர், பனை வரிசை) என்று வரைபடத்திலேயே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 250 மீட்டர் ஆரம் என்றால் ஏறக்குறைய 48 ஏக்கர், தஞ்சாவூரின் பழைய நில அளவான வேலிக் கணக்கில் ஏழு வேலிக்குக் கொஞ்சம் மேல். இந்த அளவை விட்டுவிட்டால் பிறகு ஒப்பிட ஒன்றுமே மிஞ்சாது.

சூரியன் எழுவதற்கு இருபது நிமிடம் முன்னால் முதல் புள்ளியில் இருங்கள். சைக்கிள் நல்லது, மோட்டார் சைக்கிள் சத்தத்தில் கூவல் நின்றுவிடும். வந்ததும் இரண்டு நிமிடம் சும்மா நின்று, பிறகு ஐந்து நிமிடம் கேளுங்கள். 'கதீதர், கதீதர்' என்று வேகமாக, ஏறிக்கொண்டே போகும் உரத்த ஒலி. ஒன்று தொடங்கினால் சுற்றியுள்ளவை பதில் கூவும். எண்ண வேண்டியது எத்தனை முறை கூவியது என்பதை அல்ல, எத்தனை இடத்திலிருந்து கூவியது என்பதை. ஒரே இடத்தில் ஜோடியாகச் சேர்ந்து கூவும், அது ஒரு கூவிடம்தான், இரண்டால் பெருக்காதீர்கள். ஒரு தாளில் வட்டம் போட்டு, நடுவில் நீங்கள், கேட்ட திசையில் ஒரு புள்ளி. 250 மீட்டருக்கு வெளியே கேட்டது வட்டத்துக்கு வெளியே. அமைதியான விடியலில் கூவல் வெகுதூரம் வரும், ஆகவே தொலைவில் கேட்டதைப் பக்கத்தில் என்று எழுதுவதுதான் இந்த முறையின் பெரிய ஓட்டை. இருவர் தனித்தனியாக எழுதி, முடிந்ததும் ஒப்பிட்டால் ஓரளவு அடைபடும்.

வாய்க்கால் ஓர நாணலிலிருந்து வரும் 'க்வாக், க்வாக்' கானாங்கோழி. ஆள்காட்டியின் கத்தல் வானத்திலிருந்து நகர்ந்துகொண்டே வரும், கவுதாரிக் குரல் இடம் மாறாது. ஓடும் பம்புசெட் அருகே புள்ளி வைக்காதீர்கள். சூரியன் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆறு புள்ளியும் முடிய வேண்டும். வெயில் ஏறினால் கூவல் ஓய்ந்துவிடும். மூன்று காலை இதையே செய்யுங்கள், மறுநாள் புள்ளிகளின் வரிசையை மாற்றி. எப்போதும் ஆறாவது புள்ளிக்கே தாமதமாகப் போனால் அங்கே கவுதாரி இல்லை என்று பொய்க்கணக்கு வரும்.

கைப்பேசியில் கவுதாரிக் குரலை ஒலிக்கவிட்டுப் பதில் வாங்குவது வேண்டாம். சேவல் எல்லையைக் காக்க ஓடி வரும், அந்த நேரத்தில் கூடு காவலற்று நிற்கும். கண்ணி வைப்பவர்கள் பழக்கிய கவுதாரியைக் கூண்டில் வைத்து அழைப்பதும் இதே தந்திரம்தான். தரையில் கூடு தென்பட்டால் நின்று படம் எடுக்காமல் நடையைக் கட்டுங்கள். உங்கள் தடத்தைப் பிடித்தே கீரியும் நாயும் வரும்.

எண்களை ஒப்பிடுவது

மாதிரிக்கு மட்டும் ஒரு கணக்கு. வௌவால் மூன்று மாலையில் 412, 388, 430. நடு எண் 412, வீச்சு 388–430 என்று எழுதுங்கள். கவுதாரிக்கு ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று காலையில் வந்த உச்ச எண்ணை எடுத்தால் 2, 0, 1, 3, 1, 0 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 7 கூவிடம், ஆறு வட்டத்துக்கு ஏறக்குறைய 290 ஏக்கர், அதாவது ஆறு வேலிக்கு ஒரு கூவிடம் வாக்கில்.

இப்போது 412-ஐயும் அதே 290 ஏக்கரால் வகுக்கக் கை துறுதுறுக்கும். வகுக்காதீர்கள். அந்த வௌவால்கள் இரவில் பல கிலோமீட்டர் பறந்து நாலைந்து ஊர்த் தோப்புகளில் மேய்ந்துவிட்டு வருபவை. அவை உங்கள் ஊர் நிலம் தாங்கும் எண்ணிக்கை அல்ல. உங்கள் ஊர் மரம் தரும் தங்குமிடத்தின் எண்ணிக்கை. கவுதாரியோ அந்தத் திடலிலேயே பிறந்து, பெரும்பாலும் அங்கேயே சாகும். பதிவேட்டில் வௌவாலுக்கு 'ஒரு மரத்துக்கு' என்றும் கவுதாரிக்கு 'ஒரு வேலிக்கு' என்றும் அலகை எழுதுங்கள்.

ஒப்பிடத் தகுந்தது ஆண்டு மாற்றம். அதையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. கவுதாரி ஓர் ஈட்டில் ஆறேழு முட்டை இடும், அதில் பாதிக்கு மேல் கீரி, பாம்பு, காக்கை, நாய்க்குப் போகும், ஆனாலும் நல்ல ஆண்டு ஒன்று வந்தால் சரிவை ஈடுகட்டிவிடும். 10 கூவிடம் 6 ஆனால் அந்த ஆண்டின் மழையையும் வயல் நிலையையும் முதலில் பாருங்கள். இரண்டாம் ஆண்டும் குறைந்தால் புதர் அழிந்திருக்கிறதா, கண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள். சீமைக் கருவேலம் முழுக்க வழித்தெடுத்த இடத்தில் இரவுத் தங்குமிடம் போய்விட்டிருக்கும். வேறு முள்மரம் நட்ட பிறகு வழிப்பதே முறை. வௌவாலில் 400 என்பது 240 ஆனால் கதை வேறு. நூறு தாய் இருந்தால் ஆண்டுக்கு நூறு குட்டிக்கு மேல் வராது, எனவே அந்தச் சரிவு இயல்பான ஏற்ற இறக்கம் அல்ல. கூட்டம் இடம் மாறியிருக்கலாம். பக்கத்து ஊர்களில் விசாரியுங்கள். கோடையில் கடும் வெயில் அடித்த நாளில் சிறகால் விசிறிக்கொண்டே இருந்து சுருண்டு விழுந்திருக்கலாம். மாலையில் குளத்தின் மேல் தாழப் பறந்து வயிற்றை நனைத்து, அந்த ஈரத்தை நக்கிக் குடிப்பவை இவை, குளம் வற்றியதா என்பதும் ஒரு கேள்வி. கிளை வெட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலில் பெருமரங்கள் சாய்ந்த ஊர் என்றால், பழைய மரம் எது, கூட்டம் பிறகு எங்கே போனது என்று பெரியவர்களிடம் கேட்டு அதையும் குறிப்பில் சேருங்கள்.

சட்ட நிலை தெரிந்திருப்பது நல்லது, யாராவது மரத்தடியில் வாதம் செய்வார்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால் வெகுகாலம் எலி, காக்கையோடு சேர்ந்து ஊறு செய்யும் உயிர்களின் பட்டியலில் இருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது. திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கவுதாரியைப் பிடிப்பதும் விற்பதும் முன்பிருந்தே குற்றம்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளுக்கும் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், காற்று, மேகம், நின்றவர்கள் எத்தனை பேர், வயலில் அப்போது என்ன பயிர் என்பதை எழுதுங்கள். பயிர்ப் பத்தியை விட்டால் அடுத்த ஆண்டு கவுதாரி எண்ணை விளக்க முடியாது. கவுதாரிப் பட்டியலைப் பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டில் புள்ளிக்கு ஒன்றாக ஏற்றலாம். வௌவால் மரத்தை எல்லா உயிர்களையும் பதியும் இணையதளமான ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றினால் சரியான இடத்தை மறைக்கும் வசதியைப் போட்டுவிட்டு ஏற்றுங்கள். வட்டம் போட்ட மூலத்தாள்களைப் பதிவேட்டோடு தைத்து வையுங்கள். அடுத்த ஆண்டு எண்ணப் போகிறவர் அதே புள்ளியில், அதே அடையாளத்தைப் பார்த்து நிற்க வேண்டும்.